இருபத்து மூன்றாம் நாள்

"ஸ்ட்ரெச்சர் இந்தத் திருப்பத்துல வளையாது சார். ஒரு நாற்காலி கொண்டாங்க," என்று அவரிடம் சொன்னார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.

மகள் உள்ளே ஓடி, சாப்பாட்டு மேசையடியிலிருந்து ஒரு மர நாற்காலியை இழுத்து வந்தாள். அதில் அவர் மனைவியை உட்கார வைத்து, நழுவாமலிருக்க இடுப்பைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டுக் கட்டினார்கள். முதுகுச் சட்டத்தை அவர் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர் முன்னங்கால்களைப் பற்றிக்கொண்டு, பின்பக்கமாகவே படியில் கால் துழாவி இறங்கத் தொடங்கினார். மகள் கைப்பை, தண்ணீர் பாட்டில், அம்மாவின் செருப்பு மூன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். வீட்டைப் பூட்டினோமா என்று ஒருவருக்கும் நினைவில்லை.

மூன்றாவது மாடி. மனைவியின் முகம் வியர்த்து வெளுத்திருந்தது. இடது கை, யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன பொருளைப் போலக் கிடந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்தபோது கண்ணைத் திறந்தாள்.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைக்கிறவரு," என்றாள். மூச்சு அறுந்து அறுந்து வந்தது. "சொந்தப் பொண்டாட்டிய மூட்ட மாதிரி தூக்கிட்டுப் போறாரு."

"பேசாம வா."

"சார் லிஃப்ட் மெக்கானிக்கா?" என்று கீழேயிருந்து கேட்டார் ஓட்டுநர். அவருக்கும் மூச்சு வாங்கியது. கணவர் முதுகுச் சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். ஒப்பந்த வேலை. பதினாலு மாடி, இருபது மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு இருட்டுக்குள் ஏறி இறங்கியிருக்கிறார். குடியிருக்கும் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் இல்லாததால்தான் வாடகை கட்டுப்படியானது.

முதல் மாடிக்கு வந்தபோது அவள் அண்ணாந்து அவரைப் பார்த்தாள். தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தில் பயம் இருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"இன்னைக்கு இருபத்தி மூணு," என்றாள்.

"தெரியும்."

"என்னம்மா இருபத்தி மூணு?" என்று மேலேயிருந்து மகள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல பாப்பா. நீ படியப் பார்த்து இறங்கு."

*

மூன்று வருடமாக அந்த வீட்டில் சாப்பிடும் நேரமெல்லாம் பூகோளப் பாடம்தான். மகளுக்கு ஒளியியலில் மேற்படிப்பு படிக்க ஆசை. அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட ஆசை அது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அம்மாவின் வேலை. பள்ளி விட்டதும் மகள் அங்கேதான் போய் உட்காருவாள். உடைந்த லென்ஸுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துக்கொண்டிருப்பாள். "என்ன படிக்கப் போறா?" என்று யாராவது கேட்டால், "என் வேலைதான், ஆனா அவளுக்குச் சம்பளம் குடுப்பாங்க," என்பாள் அம்மா.

ஒரு நாட்டில் இரண்டு வருடப் படிப்புக்கு அவருடைய பத்து வருடச் சம்பளம் கேட்டார்கள். இன்னொரு நாட்டில் அதில் பாதி, ஆனால் படித்து முடித்த மறுமாதமே மூட்டை கட்ட வேண்டும். வேறொன்றில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விலை, வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு நாலு மடங்கு.

"ஒரே பெஞ்சு, ஒரே வாத்தியார்தானே? நமக்கு மட்டும் என்ன, நாலு தடவ சொல்லித் தருவானா?" என்றாள் மனைவி.

கடைசியில் கட்டணமே இல்லாத ஒரு நாட்டை மகள் கண்டுபிடித்தாள். அங்கே படிப்பு இலவசம். ஆனால் ஒரு வருடத்துக்குச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஆகிற பணம் மாணவியின் பேரில் வங்கியில் இருப்பதைக் காட்ட வேண்டும். அதுவும் இன்று போட்டு நாளை எடுக்கிற பணமாக இருக்கக் கூடாது. இருபத்தெட்டு நாள் அப்படியே கிடக்க வேண்டும். நடுவில் ஒரு காசு குறைந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

"படிப்பு சும்மா, சோத்துக்குத்தான் காசா?" என்று மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். "நம்ம வீட்டுல தலைகீழால்ல இருக்கு!"

அவருடைய சேமநிதி, அவள் கட்டிய சீட்டு, அவள் கழுத்தில் கிடந்தது, அவள் அக்கா கொடுத்தது, கண்ணாடிக் கடை முதலாளி கொடுத்தது என்று எல்லாம் சேர்ந்து மகள் கணக்குக்குப் போயிற்று. அன்றைக்கு வீட்டில் திருவிழாபோல இருந்தது. "கல்யாணப் பொண்ணு மாதிரி ஆடாம அசையாம உக்காரணும் காசு," என்று சொல்லி, மனைவி நாள்காட்டியில் இருபத்தெட்டாம் நாளைச் சுழித்து வைத்தாள்.

நாலாம் நாள் கடையில் லென்ஸ் தேய்க்கும்போது அவளுக்கு நெஞ்சை அடைத்தது. வாயு என்று சொல்லி வெந்நீர் குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். முதலாளிதான் கேட்காமல் அவருக்குப் போன் செய்துவிட்டார். மகளிடம் யாரோ கூட வேலை செய்கிறவர் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கையில் ஊசி வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். மூன்று இடத்தில் அடைப்பு. நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்றார் டாக்டர்.

"எப்பச் செய்யணும் டாக்டர்?"

"நாளைக்கேன்னு சொல்லல. மாசக்கணக்குல தள்ளிப் போடாதீங்க."

பொது ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். வரிசை மூன்று மாதத்துக்கு நின்றது. தனியாரில் செய்தால் ஆகிற செலவை ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். அவ்வளவு பணம் அவர்களிடம் இருந்தது. அதே பணம்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் வெயிலுக்கு ஒதுங்கி நின்றபடி அவள்தான் முதலில் பேசினாள்.

"நாப்பத்தேழு வருஷம் அடிச்ச நெஞ்சு, இன்னும் இருபத்தி நாலு நாளு அடிக்காதா?"

"விளையாடாத."

"விளையாடல. அவ மனு போடற தேதி தாண்டிச்சுன்னா இந்த வருஷ சீட்டு போச்சு. அடுத்த வருஷம் குடுப்பான்னு என்ன நிச்சயம்? இருபத்தெட்டு முடியட்டும். காகிதத்த வாங்கிட்டு மறுநாளே எடுத்துக் கட்டுங்க. நான் படுத்துக்கறேன். அவ அங்க போய்ச் சோத்துக்கு என்ன பண்ணுவாங்கறத அப்புறம் பார்ப்போம். மாத்திரைதான் குடுத்திருக்காங்கல்ல?"

"டாக்டர் சொன்னதக் கேட்டல்ல?"

"நாளைக்கேன்னு சொல்லலன்னுதான் சொன்னாரு."

அவர் மறுத்துப் பேசினார். இரண்டு மூன்று தடவை மறுத்தார். ஆனால் அவள் முதல் தடவை சொன்னபோதே அவருக்குள் எங்கோ ஒரு கட்டு அவிழ்ந்தாற்போல இருந்தது. அவராகச் சொல்ல வேண்டியதில்லாமல் அவளே சொல்லிவிட்டாள். அந்த ஆசுவாசம் ஒரு நொடிதான் இருந்தது. அப்புறம் பேசியதெல்லாம் சும்மா பேசியது.

வீட்டுக்குப் போகும் வழியில் விசேஷத்துக்குப் போய் வந்ததற்கு அடையாளமாகக் கடையில் ஒரு டப்பா இனிப்பு வாங்கிக்கொண்டார்கள்.

*

அவசரப் பிரிவில் இளம் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். ஒயர்களை ஒட்டி, தாளில் ஓடிய கோட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"முன்னாடி நெஞ்சுவலி வந்திருக்கா? ஏதாவது டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?"

கட்டிலின் அந்தப் பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் செருப்பு இன்னமும் அவள் கையில்தான் இருந்தது.

"இல்ல டாக்டர், வாயுத் தொல்லைதான் அடிக்கடி..." என்று மகள் தொடங்கினாள்.

அவர் வாயைத் திறந்து மூடினார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அப்புறம் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறார். நாலு விநாடி இருக்கலாம், பத்தும் இருக்கலாம்.

"பாப்பா, நீ போய்க் கவுண்டர்ல பேரைப் பதிஞ்சுட்டு வா."

"அப்புறம் பதியலாம்பா."

"போன்னு சொல்றேன்ல!"

அவர் அவளிடம் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. அவள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். திரைச்சீலை மூடியதும் அவர் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"மூணு அடைப்பா? என்னைக்கு எடுத்தது? ஏன் இன்னும் பண்ணல?"

"ஒரு அஞ்சு நாள்ல பண்ணலாம்னு..."

டாக்டர் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. "ரிப்போர்ட் எங்க? எங்க அடைப்புன்னு தெரிஞ்சா நேரம் மிச்சம்."

ரிப்போர்ட் வீட்டில் இல்லை. மகள் கண்ணில் படக்கூடாதென்று அதை மனைவி கடைக்குக் கொண்டுபோய், தன் மேசை இழுப்பறையில் லென்ஸ் உறைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். அவர் முதலாளிக்குப் போன் செய்தார். "இதோ கிளம்பிட்டேன்," என்றார் முதலாளி. என்ன, ஏது என்று கேட்கவில்லை.

உடனே மேலே கொண்டுபோக வேண்டும், முன்பணம் கட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள். அவர் கவுண்டருக்கு ஓடினார். கணக்கு மகள் பேரில். அவள் போனில்தான் எல்லாம். அவளிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே ஓடினார். யோசிக்கத் தேவையிருக்கவில்லை. முன்பணம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் போனை எடுத்துவிட்டாள்.

"எவ்வளவுப்பா?"

தொகையைச் சொன்னார்.

"அஞ்சு நாள்தான் இருக்கு பாப்பா," என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. ஏன் அதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அதுக்கு என்னப்பா இப்ப?" அவள் நிமிராமலே தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் விரல் நின்றது. "புதுசா சேர்க்கற கணக்குக்கு முதல் நாள்ல இவ்வளவுதான் அனுப்பலாம்னு வருது. பாதிகூட இல்ல."

மறுபடி தட்டினாள். மறுபடியும் அதுவே வந்தது. வங்கிக்குப் போன் போட்டாள். ஒன்றை அழுத்தச் சொன்னது, நாலை அழுத்தச் சொன்னது, பிறகு பாட்டுப் போட்டது. கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியைத் தாண்டி எட்டிப் பார்த்து, "போற வரைக்கும் அனுப்பும்மா, நான் மேல பேசிக்கறேன்," என்றார். நல்ல மனிதர். அவரும் போனில் யாரிடமோ கெஞ்சினார். எல்லாம் முடியப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. கவுண்டரின் தலைக்கு மேலேயே கடிகாரம் இருந்ததால் அவருக்கு அது தெரிந்தது.

அவர் திரும்பி ஓடிவந்தபோது மனைவியின் கட்டிலை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் கதவில் கையை வைத்தார். உள்ளே நின்ற நர்ஸ், "சார், நேரமாகுது," என்றாள்.

மனைவி முகமூடியைக் கையால் விலக்கினாள். அவர் குனிந்தார்.

"காச எடுத்திடலல்ல?"

"எடுக்கல."

"அஞ்சு நாளு..."

"எடுக்கலம்மா. வேற இடத்துல கேட்டுருக்கேன். நீ நிம்மதியாப் போ."

அவள் தலையை ஆட்டினாள். நர்ஸ் முகமூடியைச் சரி செய்தாள். கதவு மூடத் தொடங்கி, பாதியில் தயங்கி, மறுபடி மூடியது. கதவு ஓடும் அடித்தடத்தில் தூசி சேர்ந்திருக்கிறது, ஐந்து நிமிட வேலை என்று அவர் மனம் தன்பாட்டுக்குச் சொல்லியது. மேலே எண்கள் ஏறின. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பெட்டி லேசாக உராயும் சத்தம் கேட்டது. நாலில் நின்றது.

*

நாலாவது மாடி வராந்தாவில் இரும்பு பெஞ்சு வரிசை இருந்தது. அவர் உட்கார்ந்திருந்தார். அரை மணிக்குப் பிறகு மகள் படியேறி மூச்சிரைக்க வந்தாள். கையில் பழுப்பு உறை.

முதலாளி அதை வாசலில் நின்ற அவளிடம் கொடுத்திருக்கிறார். "அம்மா டிராயர்ல இருந்துதும்மா, அப்பா கேட்டாரு," என்று. அவருக்கு என்ன தெரியும்? உறை ஒட்டாமல் மடித்துத்தான் வைத்திருந்தது.

அவள் நேரே கதவருகே போய் மணியை அழுத்தி, வெளியே வந்த நர்ஸிடம் உறையைக் கொடுத்தாள். "படம் உள்ள இருக்கு சிஸ்டர். ரெண்டாவது பக்கத்துல எங்கெங்கன்னு எழுதியிருக்கு." அப்புறம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது.



"பதினொண்ணாம் தேதி எடுத்தது," என்றாள்.

"ஆமா."

"அன்னைக்கு ஏதோ விசேஷம்னு போனீங்க."

"ஆமா."

"அம்மா எனக்கு இனிப்புகூட வாங்கிட்டு வந்தா."

அவர் பதில் சொல்ல முயன்றார். அம்மாதான் கேட்கவில்லை என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அதைச் சொன்னால், கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவள்மேல் பழியைப் போட்டதாகும். என்னால்தான் என்று சொன்னால், ஏன் என்று அடுத்த கேள்வி வரும். உனக்காக என்று சொல்ல வேண்டும். அதை எந்த வாயால் சொல்வது?

"பாப்பா..."

"வேண்டாம்பா. இப்ப வேண்டாம்."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையை அதில் வைத்துக்கொண்டாள். சிறு பெண்ணாகக் கண்ணாடிக் கடையில் ஸ்டூல்மேல் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். அவர் கையை நீட்டினார். காலி இடம்வரைக்கும்தான் கை போயிற்று.

இரண்டேகால் மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். காலையில் பார்த்தவர் இல்லை, வயதான இன்னொருவர். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அவர் தொப்பியைக் கழற்றியிருப்பதைப் பார்த்ததுமே மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

"எங்களால முடிஞ்ச வரைக்கும் பார்த்தோம்," என்றார் டாக்டர். "ரிப்போர்ட் உதவியா இருந்துது. ஆனா இதயம் ரொம்ப அடிபட்டிருச்சு. ஆபரேஷன் ஆரம்பிக்கறதுக்குள்ளயே நின்னுடுச்சு."

"முன்னாடியே பண்ணியிருந்தா டாக்டர்?" என்று அவர் கேட்டார். மகள் முன்னாலேயே கேட்டார்.

டாக்டர் அவரையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். "அத இப்பச் சொல்ல முடியாது சார். பண்றப்பவே போனவங்களும் இருக்காங்க. யாராலயும் சொல்ல முடியாது."

ஆறுதலுக்குத்தான் அப்படிச் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

கீழே கவுண்டரில் கணக்கு முடிக்க மகள்தான் போனாள். அவர் பின்னால் நின்றார். காலையில் கெஞ்சிப் பேசிய அதே மனிதர், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கணினியைப் பார்த்தபடி சொன்னார்: "ஆபரேஷனுக்குன்னு வாங்கினது செலவாகலம்மா. ஏழு வேலை நாள்ல அதே அக்கவுண்டுக்குத் திரும்பி வந்துடும். கொஞ்சம்தான் பிடிப்பாங்க."

"சரிங்க சார்," என்றாள் மகள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

*

மின்மயானத்தில் மறுநாள் பதினொன்றரைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். காலையிலிருந்தே படியெல்லாம் செருப்பு. கீழ்வீட்டுக்காரர்கள், தெருவின் பாதிப் பேர், அவர் பழுது பார்க்கும் கட்டடங்களின் காவலாளிகள் இரண்டு பேர் எல்லோரும் வந்திருந்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மூக்கில் இருந்தது அவள் பொருத்திய கண்ணாடி. அழுகிறவர்கள் அதைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். முதலாளி ஒரு மூலையில் நின்று, "ஒருத்தர் கண்ணாடிகூட சரியில்லைன்னு திரும்பி வந்ததில்ல. ஒருத்தர் கண்ணாடிகூட," என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த உறையைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை.

மகள் குளிக்கப் போயிருந்தபோது அவள் போன் அடித்தது. அவர் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிப் படிக்குப் போனார். வெளிநாட்டுப் படிப்புக்கு மனு தயார் செய்து தரும் ஏஜென்சிப் பெண்.

"நான் அவ அப்பா பேசறேம்மா."

"சார், இன்னைக்கு வரைக்கும் உள்ள பேங்க் ஸ்டேட்மெண்ட்ட சரிபார்க்க அனுப்பச் சொல்லியிருந்தேனே. வரலையே?"

"நேத்து அதுலேருந்து கொஞ்சம் எடுத்துட்டோம்மா."

"ஐயோ, என்ன சார் இது! அஞ்சே நாள்தானே! திரும்ப முதல்லேருந்து எண்ணணும் சார், அதுக்குள்ள தேதி முடிஞ்சிரும். ஏன் சார் எடுத்தீங்க?"

"ஒரு செலவு வந்துடுச்சும்மா."

"எந்தச் செலவா இருந்தாலும் ஒரு அஞ்சு நாள் பொறுத்திருக்கக் கூடாதா சார்? அந்தப் பொண்ணு எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கின சீட்டு தெரியுமா?"

உண்மையான வருத்தத்தோடுதான் அவள் பேசினாள். குரலில் அது தெரிந்தது.

"பொறுத்துத்தாம்மா பார்த்தோம்," என்றார் அவர். "நான் அவள அப்புறம் பேசச் சொல்றேன்."

கீழே இறங்கி வந்தபோது மனைவியின் அக்கா வாசலில் வழிமறித்தாள். இரவெல்லாம் பயணம் செய்து வந்தவள். முகம் வீங்கியிருந்தது.

"தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நல்லா இருந்தவதானே? போன வாரம் போன்ல என்னைக் கேலி பண்ணிச் சிரிச்சாளே. முன்னாடி ஒண்ணுமே தெரியலையா? ஒரு வலி, ஒரு தலைசுத்தல்? கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கக் கூடாதா? என்ன கேட்டா நான் குடுத்திருக்க மாட்டேனா?"

அவள் ஏற்கெனவே கொடுத்ததுதான் அந்தக் கணக்கில் கிடந்தது. கூடத்தில் பேச்சு தணிந்தது. எல்லோரும் வேறெங்கோ பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். இத்தனை பேர் முன்னால் சொல்லி, இவள் கையால் நாலு அடி வாங்கினால்கூட நல்லது என்று இருந்தது.

"அண்ணி, அவளுக்கு..."

"ஒண்ணும் தெரியல பெரியம்மா."

மகள் ஈரத்தலையோடு அறை வாசலில் நின்றிருந்தாள்.

"திடீர்னுதான் வந்துது. முன்னாடி ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் வாயுத் தொல்லை இருக்குன்னு சொல்லுவா, அவ்வளவுதான். யாருக்குத் தெரியும்?" குரல் நடுங்கவில்லை. "அப்பாதான் மூணு மாடி தூக்கிட்டு இறங்கினாரு. நேத்துலேருந்து அவர் ஒரு வாய் தண்ணி குடிக்கல. நீங்க கொஞ்சம் டீ போட்டுக் குடுக்கறீங்களா பெரியம்மா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். கூடத்தில் பேச்சு மறுபடி எழுந்தது. மகள் அவரைப் பார்க்கவில்லை. அம்மாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, கலைந்திருந்த ஒரு முடிக்கற்றையைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

டீ வந்தது. அவர் குடித்தார். சூடாக இருந்தது, இனிப்பாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லக்கூட வழியில்லாமல் குடித்தார்.

*

இரண்டு நாளில் எல்லோரும் போய்விட்டார்கள். அக்கா கடைசியாகக் கிளம்பும்போது மகளை அணைத்துக்கொண்டு, "படிப்ப விட்டுடாத. அவ ஆசை அது," என்றாள். "பார்க்கலாம் பெரியம்மா," என்றாள் மகள்.

மறுநாள் காலை வந்தவர்கள் படுத்த விரிப்பு, போர்வை எல்லாவற்றையும் அவள் அள்ளிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அவர் வேலைக்குப் போகவில்லை. போன் இரண்டு தடவை அடித்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஆறாவது மாடியில் நின்றுவிட்டதாம். வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டு மேலே போனார்.

கனத்த போர்வை ஒன்றை அவள் தனியாகப் பிழிய முயன்றுகொண்டிருந்தாள். ஒரு முனையைக் குழாயில் சுற்றி, மறுமுனையை இழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாள். வழுக்கி வழுக்கி வந்தது. அவர் குழாயிலிருந்து அந்த முனையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். இருவரும் எதிரெதிராக நின்று இழுத்தார்கள். போர்வை நடுவில் தொய்ந்து எழுந்தது.

அவர் முறுக்கினார். அவளும் முறுக்கினாள். தண்ணீர் வரவில்லை. போர்வை முழுவதும் ஒரே உருளையாக அவர்கள் கைகளுக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"பாப்பா," என்றார். மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த சொற்களில் எது முதலில் என்று தெரியவில்லை. "அந்தக் காசு ஏழு நாள்ல வந்துடும்னு சொன்னாரு. வந்ததும் திரும்பப் போட்டு..."

"அப்பா."

அவர் நிறுத்தினார்.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் திருப்பறோம். நீங்க அந்தப் பக்கம் திருப்புங்க."

அவர் கையை மாற்றிப் பிடித்தார். மறுபக்கமாகத் திருப்பினார். போர்வை நடுவில் இறுகிக் கயிறுபோலச் சுருங்கியது. தண்ணீர் முதலில் சொட்டாக விழுந்தது, பிறகு கொட்டியது. இருவர் காலும் நனைந்தது. அவள் தலை குனிந்தபடி இன்னொரு சுற்று முறுக்கினாள். அவரும் முறுக்கினார். கொட்டுவது நின்று, சொட்டுவதும் நின்ற பிறகு, இருவரும் முனையை விடாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.